சேவைச்செம்மல், த/பெ சோணைமுத்து

தள்ளி உக்காருங்க சார். அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டா இன்னொரு ஆளு உக்காரலாம்ல? பெஞ்சு என்ன உங்க மாமனார் வீட்டுச் சீதனமா? ஆங், இப்ப சரி. டோக்கன் எத்தனை? எழுபத்தொம்பதா? எனக்கு எழுபத்தேழு. இப்பத்தான் நாப்பத்தாறைக் கூப்பிட்டிருக்காய்ங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு நாள்னா இதான். எம்புட்டு வெள்ளனா வந்து வரிசையில நின்னாலும் சாப்பாட்டு நேரத்துலதான் நம்ம மூஞ்சியைப் பாப்பாய்ங்க.

நீங்க என்னா மனு? சொல்ல வேணாம்னா விடுங்க. நான் ஒண்ணும் உங்க காகிதத்தைப் பிடுங்கிப் படிக்கப் போறதில்லை. ஆனா என் மனுவை நான் சொல்லுவேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. என் மகன் மனையில ஒருத்தி கூடாரம் போட்டுக் குடி வந்துட்டா. அவளைக் கிளப்பச் சொல்லி மனு. அந்தா, தூணுக்கு அங்கிட்டு, பொம்பளைங்க பக்கம், பச்சைச் சேலை. மடியில ஒண்ணு, பக்கத்துல ஒண்ணுன்னு ரெண்டு பொம்பளைப் புள்ளைகளோட உக்காந்திருக்கா பாருங்க. குருவம்மா. அவதான். ரொம்பப் பாக்காதீங்க, அங்கேயிருந்தே எனக்கு ஒரு கும்பிடு போடுவா. எம்புட்டு நெஞ்சழுத்தம்!

மகன் என்ன பண்றான்னு கேக்குறீங்களா? வர்றேன், வர்றேன். நடுவுல கேட்டா எனக்குக் கோர்வை போயிரும்.

என் பேரு சோணைமுத்து. சும்மா சோணைமுத்து இல்லை, சேவைச்செம்மல் சோணைமுத்து. எங்க பக்கம் எந்த விசேஷம்னாலும் அண்டா, சேர், பந்தல், தார்ப்பாய் பூரா நம்ம கடையிலதான் வாடகைக்கு எடுப்பாய்ங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி இளைஞர் மன்றத்துக்காரய்ங்க ரத்ததான முகாம் நடத்துனப்ப சேரும் பந்தலும் சும்மாவே குடுத்தேன். மேடையில கூப்பிட்டுச் சால்வை போட்டு, இந்தப் பட்டத்தைச் சொல்லிக் கேடயம் குடுத்தாய்ங்க. நானே கேட்டு வாங்குனேன்னு ஒருத்தன் சொல்லிக்கிட்டுத் திரியுறான். கேட்டேன்தான். கேட்டா என்னா தப்பு? குடுக்குறவனுக்கு ஞாபகம் வரணும்ல?

நாங்க வாய்க்கா கரையில குடியிருந்தவங்க சார். நாப்பத்திரெண்டு குடும்பம். வாய்க்காலை அகலப்படுத்தணும், காலி பண்ணுங்க, பைபாஸ் பக்கம் எல்லாருக்கும் மனை தர்றோம்னாய்ங்க. குடியிருப்போர் சங்கத் தலைவர் நான்தான். ஓடாத ஆபீஸ் இல்லை, கும்பிடாத அதிகாரி இல்லை. நாப்பத்திரெண்டு மனை அளந்து கல்லு நட்டாய்ங்க. பேர் லிஸ்ட்டை நீங்களே குடுங்க, நீங்க குடுக்குற வரிசைதான் மனை வரிசைன்னுட்டாய்ங்க. ஒண்ணாவது மனையும் ரெண்டாவது மனையும் மெயின் ரோட்டைப் பாத்தது. ஒண்ணாவது மூலை மனை வேற. கடை வச்சா அள்ளலாம்.

கரையில வீடு எந்த வரிசையோ அந்த வரிசையில பேரை எழுதுனேன். முதல்ல நான். ஏன் நீங்க முதல்லன்னு எவனும் கேக்கலை. நான் எழுதுன லிஸ்ட்டை எவனுக்கும் காட்டுனாத்தான கேக்குறதுக்கு? கடைசியில, மதகுக்குப் பக்கத்துல, இந்தக் குருவம்மா. புருஷன் கேரளாப் பக்கம் வேலைக்குப் போனவன், போனவன்தான். இவ நம்ம கடையில பாத்திரம் விளக்குறவ. பதினொரு வருஷமா. பெரிய பிரியாணி அண்டாவுக்குள்ள இறங்கி நின்னு தேய்ப்பா. வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது, அதை மட்டும் நான் ஒத்துக்கிருவேன்.

லிஸ்ட்டுல நம்பர் கிடையாது. இதை நல்லாக் கேட்டுக்கங்க, எல்லாக் கூத்தும் இதுலதான். எங்க கரையில பேருக்கு நம்பர் போடுற வழக்கமே இல்லை. கோயில் நோட்டீஸா இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையில சொந்தக்காரங்க பேரா இருந்தாலும் சரி, நம்பர் போட்டா 'நான் என்ன அவனுக்கு அப்புறமா'ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிருவாய்ங்க. நம்பர் இல்லாம ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரா வரி வரியாப் போட்டுட்டா எவனும் எண்ண மாட்டான். முதல்ல இருக்குறவனுக்கு மட்டும் தெரியும், தான்தான் முதல்லன்னு. அவன் அதை வெளியில சொல்லவும் வேண்டியதில்லை.

லிஸ்ட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு சொன்னாய்ங்க. தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்புல பர்வீன்னு ஒரு பொண்ணு டைப்பிங் சென்டர் வச்சிருக்கு. அந்தப் பொண்ணாலதான் சார் எனக்கு இந்தப் பாடு. ஒழுங்கா எடுத்துச் சொல்லியிருந்தா நான் ஏன் இப்படி வந்து உக்காந்திருக்கேன்?

நான் சொல்லச் சொல்ல அடிச்சா. முதல் வரி, சோணைமுத்து த/பெ கோட்டைச்சாமி. அதுக்குக் கீழ அடுத்த வரியில, சேவைச்செம்மல். அதுக்குக் கீழ பக்கத்து வீட்டுக்காரன் ஒச்சாத்தேவன். இப்படியே நாப்பத்திரெண்டு குடும்பம், என் பட்டத்தோட சேத்து நாப்பத்திமூணு வரி. அம்சமா நின்னுச்சு. அப்பத்தான் அந்தப் பொண்ணு ஆரம்பிச்சா.

"அண்ணே, இது நோட்பேடு. வெறும் எழுத்து. இந்த வரி பூரா நான் எண்டர் தட்டுனதுல நிக்குது. அவங்க சைட்டுல வெறும் எழுத்தாத்தான் ஒட்டச் சொல்றாங்க. ஒட்டி அனுப்புனா அது பிடிஎஃப்பா மாறி ஆபீஸுக்குப் போகும். மாறும்போது என்னோட எண்டரை எல்லாம் அது மதிக்காது. நாப்பது பேரும் ஒரே ஓட்டமா ஒட்டிக்கிருவாங்க. ஆளுக்கு முன்னாடி ஒரு நம்பர் போட்டுருவோம், அப்பத்தான் எங்க வெட்டணும்னு அங்க இருக்குறவங்களுக்குத் தெரியும்."

நம்பர் கூடாதுன்னுட்டேன்.

"அப்பப் பட்டத்தையாவது உங்க பேருக்குப் பக்கத்துலயே, அதே வரியில போட்டுர்றேன் அண்ணே. கீழ் வரியில தனியா நிக்க வேணாம்."

ஏம்மா, கல்யாணப் பத்திரிகையில எப்படிப் போடுவாய்ங்க? பேரு, பேருக்குக் கீழ பட்டம். பக்கத்துல போட்டா வாலு மாதிரி தொங்காதான்னு கேட்டேன். அதுக்குச் சொல்றா, "பத்திரிகையை மனுசங்க பாப்பாங்க அண்ணே. இதை மிஷினுல்ல பாக்கும்." எம்புட்டு வாய் பாருங்க! ஒவ்வொரு ஆளு முடிஞ்சதும் ஒரு கோடாச்சும் போடுறேன்னா. என் பேருக்குப் பக்கத்துல கோடு போட்டா அடிச்சுவிட்ட மாதிரி இருக்காதா? அதுவும் கூடாதுன்னுட்டேன்.

கடைசியா அனுப்புறதுக்கு முன்னாடி எப்படிப் போகும்னு ஸ்கிரீன்ல காட்டுனா. ஆமா, ஒட்டிக்கிட்டுத்தான் தெரிஞ்சுச்சு. கோட்டைச்சாமி சேவைச்செம்மல் ஒச்சாத்தேவன்னு ரயில் பெட்டி கணக்கா ஓடுச்சு. உன் கம்ப்யூட்டர் பழசும்மா, அரசாங்கக் கம்ப்யூட்டர் பெருசு, அதுல ஒழுங்காத் தெரியும்னு சொன்னேன். தட்ட மாட்டேன்னு கையை எடுத்துட்டா. "நீங்களே தட்டுங்க அண்ணே, அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது." நானே தட்டுனேன். இந்த விரல்தான். ஆனா சொல்லுவேன் சார், இப்பவும் அவளைத்தான் சொல்லுவேன். அம்புட்டுத் தெரிஞ்சவ என் கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கணுமா இல்லையா?

அங்க ஆபீஸ்ல ஒரு பய உக்காந்து, ஒட்டிக் கிடந்ததை மறுபடி வெட்டியிருக்கான். வெட்டி வெட்டிக் கட்டத்துக்குள்ள போட்டிருக்கான். என் பட்டம் வந்துச்சா, அதை ஒரு ஆளுன்னு நினைச்சுட்டான். தகப்பன் பேரு இல்லாம அந்தக் கட்டம் நகராதாம். மேல பாத்திருக்கான், நான் இருக்கேன். சரி, இவரு மகன்தான் போலன்னு அவனே போட்டுட்டான். மனை நாப்பத்திரெண்டு, பேரு நாப்பத்திமூணு. கடைசிப் பேருக்குக் கட்டம் இல்லை. விட்டுட்டான்.

அப்ப எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பட்டா குடுக்குற விழா நடந்துச்சு. நம்ம பந்தல், நம்ம சேர், நம்ம மைக். மேடையில ஒவ்வொருத்தரா வாசிக்கிறாய்ங்க. மனை எண் ஒண்ணு, சோணைமுத்து. ஏறிப் போய் வாங்குனேன். இறங்கலை, அதுக்குள்ள மைக்குல, மனை எண் ரெண்டு, சேவைச்செம்மல், தகப்பனார் பேரு சோணைமுத்துங்கிறாய்ங்க. எல்லாரும் அங்கிட்டும் இங்கிட்டும் பாக்குறாய்ங்க. மரியாதைக்கு நம்மளை ரெண்டாவது தடவை கூப்பிடுறாய்ங்க போலன்னு நான் கையை நீட்டிட்டேன். குடுத்துட்டாய்ங்க. கை வேற தட்டுனாய்ங்க. ஒச்சாத்தேவனுக்கு மூணு, அவனுக்கு அடுத்தவனுக்கு நாலுன்னு எல்லாம் ஒண்ணு தள்ளிப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுலயே இருந்ததால எவனும் கவனிக்கலை.

குருவம்மா பேரை வாசிக்கவே இல்லை. கடைசி வரைக்கும் மேடைக்குக் கீழ ரெண்டு புள்ளைகளையும் பிடிச்சுக்கிட்டு நின்னா. கூட்டம் கலைஞ்சதும் சேரெல்லாம் மடக்கி வண்டியில ஏத்துனா, அது அவ வேலை. ஏத்திட்டு வந்து, "அண்ணே, என் பேரை விட்டுட்டாங்களே"ன்னா. அடுத்த லிஸ்ட்டுல வரும் போம்மான்னேன். அடுத்த லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? மறு வாரமே ஜேசிபி வந்து கரையைத் துடைச்சு எடுத்துட்டான். இவ வீடு மதகுக்கிட்டயா, முதல்ல அதைத்தான் இடிச்சான்.

நாப்பத்தொம்பதா இப்ப? போகுது பாருங்க, கட்டை வண்டி கணக்கா.

வீட்டுக்கு வந்து ரெண்டு பட்டாவையும் எங்க வீட்டம்மா கையில குடுத்தேன். தவமணின்னு பேரு. முதல் பட்டாவுல என் பேரோட அவ பேரும் சேத்துத்தான் இருக்கு. அதை மேலோட்டமாப் பாத்தா. ரெண்டாவதை நாலு தடவை வாசிச்சா. "இது யாருங்க?"ன்னு கேட்டா. நான்தான்டீன்னேன். "உங்க மகன்னுல்ல போட்டிருக்கு"ன்னா. சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் அடுப்படிக்குள்ள போயி ரொம்ப நேரம் வெளியில வரலை.

எங்களுக்குப் புள்ளை இல்லை சார்.

என்ன, இப்ப மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்புறீங்க? மகன் மகன்னு சொன்னியேன்னு பாக்குறீங்களா? பட்டாவுல இருக்குல்ல? கோபுரம் போட்ட சீல், பச்சை மையில கையெழுத்து. அந்தக் காகிதத்தை நானும் தனியா எடுத்து வச்சுப் பாத்தேன். எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு, நான் ஏன் மறைக்கணும்? என் பேருக்குப் பின்னாடி எங்க அப்பா பேரை எத்தனையோ காகிதத்துல போட்டிருக்கேன். இன்னொரு பேருக்குப் பின்னாடி த/பெ சோணைமுத்துன்னு எவனும் போட்டதில்லை சார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தன் போட்டதில்லை. கடைவீதியில குடுத்து லேமினேஷன் பண்ணிட்டேன்.

பொறுங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

அதுக்கப்புறம் இந்தக் குருவம்மா என்ன பண்ணா தெரியுமா? நேரா மனு குடுத்துட்டா. என் கடையில பாத்திரம் விளக்கிட்டு, எனக்கு எதிரா மனு! என் பேரைப் போடலைதான், விட்டுப்போன என் பேரைச் சேருங்கன்னு மட்டும்தான் எழுதியிருந்தா. இருந்தாலும் அது யாருக்கு எதிரா? துணைத் தாசில்தார் ஒரு அம்மா. சின்ன வயசு, கண்டிப்பு. என்னையக் கூப்பிட்டு, "சேவைச்செம்மல்ங்கிறது உங்க மகனா?"ன்னு கேட்டுச்சு. அப்படித்தானம்மா போட்டிருக்குன்னேன். "ஆதார் கொண்டாங்க." அவன் வெளியூர்ல இருக்கான்னேன். வாயில வந்துருச்சு சார். சொன்னதுக்கப்புறம் திருப்பி வாங்கவா முடியும்? எந்த ஊருன்னு கேட்டுச்சு. கோயம்புத்தூர்னேன். என்ன வேலைன்னு கேட்டுச்சு. மில்லுல சூப்பர்வைசர்னேன்.

அந்தம்மா சும்மா இருக்குமா? பர்வீனைக் கூப்பிட்டுருச்சு. அந்தப் பொண்ணு, தான் அடிச்ச ஃபைலை அப்படியே வச்சிருக்கா. வரி வரியா எடுத்துட்டு வந்து நீட்டிட்டா. என் பேருக்குக் கீழ பட்டம், அதுக்குக் கீழ ஒச்சாத்தேவன். பாத்த உடனே அந்தம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. என்னையத் திட்டலை. அதான் எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு. மெதுவாச் சொல்லுச்சு, "பெரியவரே, இது ஆள் இல்லை, எனக்குக் குடுத்த பட்டம்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. பதிவுல தாய் தகப்பன்னு நீங்களும் உங்க மனைவியும் இருக்கீங்க, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அந்தப் பேரை ரத்து பண்ணிட்டு, ரெண்டாம் மனையை விட்டுப்போன குருவம்மாவுக்குக் குடுத்துர்றேன்."

ரத்து பண்றதாம்! எவ்வளவு லேசாச் சொல்லுது பாருங்க. சால்வை போட்டுக் குடுத்த பட்டத்தை, இது ஒண்ணுமில்லைன்னு என் கையால எழுதிக் குடுக்கணுமா? அப்புறம் இன்னொண்ணு. மதகுக்கிட்ட கடைசியில கிடந்தவ மெயின் ரோட்டு மனையில, என் வீட்டுக்கு ஒட்டுன வீட்டுலயா? நான் வாசல்ல சேர் போட்டு உக்காந்தா அவ பக்கத்து வாசல்ல கோலம் போடுவாளா? நம்ம அண்டாவை விளக்குறவ சார் அவ! கையெழுத்துப் போட மாட்டேன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

தவமணி எங்கிட்டக் கேட்டா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டா. "நமக்குப் பொறக்காத புள்ளைக்கு ரோட்டு மனை. அவ பெத்த ரெண்டும் ரோட்டுலயா?" பட்டாவை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். அவ என்ன பண்ணா தெரியுமா? நான் ஒரு வளைகாப்புக்குப் பந்தல் போடப் போன நேரமாப் பாத்து, நம்ம கடையிலேருந்தே நாலு சவுக்குக் கம்பு, ஒரு தார்ப்பாய், கயிறு எடுத்துக் குடுத்து, ரெண்டாம் மனையில குருவம்மாவைக் குடி வச்சுட்டா. என் கம்பு! என் தார்ப்பாய்! அதுல என் கடைப் பேரு வேற பெருசா அடிச்சிருக்கு. ரோட்டுல போறவன் எல்லாம் நான்தான் விளம்பரம் பண்றேன்னு நினைக்கிறான்.

சத்தம் போட்டேன். கையை ஓங்கிட்டேன், அடிக்கலை. அன்னைக்கு அவ பேச்சை நிறுத்துனவதான், பத்து நாளாச்சு. சோறு வைக்கிறா, தண்ணி வைக்கிறா, பேச்சு கிடையாது. குருவம்மா வேலைக்கு வர்றதை நிறுத்தலை, அதைக் கேளுங்க! மறுநா காலையில வழக்கம்போல வந்து அண்டாவுக்குள்ள இறங்குறா. வெளியே போடீன்னு விரட்டி விட்டேன். இப்பப் பாத்திரம் பூரா கரி ஏறிக் கிடக்கு.

அதான் இந்த மனு. பர்வீன் அடிச்சுத் தர மாட்டேன்னுட்டா, நானே கையால எழுதுனேன். படிக்கிறீங்களா? 'எனது மகனுக்குச் சொந்தமான மனை எண் இரண்டில் அத்துமீறிக் குடியேறியுள்ள' ... எழுத்து நல்லா இருக்கா? வரியெல்லாம் நேரா இருக்குல்ல? கையால எழுதுனா ஒரு வசதி சார், போட்ட வரி போட்ட இடத்துல நிக்கும்.

எதுக்குச் சிரிக்கிறீங்க? சிரிக்கலையா? எனக்குச் சிரிச்ச மாதிரி தெரிஞ்சுச்சு. உங்களுக்கு எத்தனை புள்ளைக? மூணா? அதான் சிரிக்கிறீங்க.

இந்தக் கேள்வி இருக்கே, எத்தனை புள்ளைகன்னு, இதை எங்கே போனாலும் கேப்பாய்ங்க. விசேஷ வீட்டுல பாத்திரம் இறக்கும்போது கேப்பாய்ங்க, பஸ்ஸுல கேப்பாய்ங்க. தவமணியைக் கேட்டா அவ வாயைத் திறக்குறதுக்குள்ள நான் பதில் சொல்லிருவேன். நாப்பது வயசு வரைக்கும் இனிமேத்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் எங்க அக்கா மக்களே எங்க மக்கதான்னு சொன்னேன். ஒரு தடவைகூட அவளைச் சொல்ல விட்டதில்லை. அவ வாயால சொல்ல வச்சா அவளுக்கு எப்படி இருக்கும்? அம்புட்டுப் பாத்துப் பாத்து வச்சிருந்தேன் சார் அவளை. அவ எனக்குப் பண்ணதைப் பாத்தீங்களா?

எத்தனை கூப்பிட்டாய்ங்க? அம்பத்திரெண்டா? குருவம்மா எந்திரிக்கிறா பாருங்க. அவ டோக்கனா அது? எனக்கு முன்னாடியே வந்து வாங்கியிருக்கா, கள்ளி. கூட எந்திரிக்கிறது யாரு அது, ஊதாச் சேலை? இவ்வளவு நேரம் தூணு மறைச்சிருந்துச்சே...

சார். அது எங்க வீட்டம்மா சார்.

காலையில எனக்கு முன்னாடி கிளம்பிப் போனா. எங்கேன்னு கேட்டேன், பதில் சொல்லலை. இங்கேயா வந்தா? அந்தச் சின்னதைத் தூக்கிக்கிட்டில்ல போறா! பாருங்க, இறக்கிக் குருவம்மாகிட்டக் குடுத்துட்டு அவ முன்னாடி போறா. மேசைக்கு முன்னாடி போயிட்டா. அதிகாரிக்குப் பக்கத்துல ஃபைலோட உக்காந்திருக்கே, அதான் அந்தத் துணைத் தாசில்தார் அம்மா. மைக்கை ஆஃப் பண்ண மாட்டாய்ங்களா இவய்ங்க? மண்டபம் பூரா கேக்குது.

"நீங்க யாரும்மா?"ன்னு கேக்குறாரு. கேட்டீங்களா அவ பதிலை? "ரெண்டாம் நம்பர் மனை யார் பேருல இருக்கோ, அந்தப் பையனோட அம்மாங்க." ஏய்... என்ன சொல்லப் போறா இவ? "பையன் எங்கம்மா?"ன்னு கேக்குறாரு.

பேசாம இருங்க சார், கேக்க விடுங்க.

"எனக்குப் புள்ளை இல்லைங்க. நான் பெத்திருந்தா எனக்குத் தெரியாதாங்க?"

சொல்லிட்டா. இத்தனை சனத்துக்கு முன்னாடி, மைக்குல. இங்க ஒருத்தனும் சிரிக்கலை பாருங்க. அவளுக்கு மைக்குல பேசிப் பழக்கம் கிடையாது. வீட்டுலயே சத்தமாப் பேச மாட்டா. அந்த ரெண்டு வரிக் காகிதத்தை அவளே எழுதிக் கொண்டாந்திருக்கா. கையெழுத்துப் போடுறா. எழுத்துக் கூட்டி எழுதுவா, நேரமாகும். யாரும் அவசரப்படுத்தாம இருந்தாச் சரி.

"தகப்பனார் கையெழுத்தும் வேணுமேம்மா. வந்திருக்காரா?"

இல்லைன்னு சொல்லு. வரலைன்னு சொல்லு தவமணி.

"இங்கதாங்க இருப்பாரு. சோணைமுத்துன்னு பேரு." திரும்பிக்கூடப் பாக்கலை சார் அவ. நான் வருவேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. வெறும் சோணைமுத்துன்னா பாருங்க. பட்டம் சொல்லலை. இந்தா, மைக்குலயும் அதையே கூப்பிடுறாய்ங்க. நீங்க எதுக்கு என்னையப் பாக்குறீங்க? அந்தப் பக்கம் திரும்புங்க. நான் போறதா இல்லை. எழுபத்தேழு வரும்போதுதான் போவேன். என் மனு வேற, அது வேற.

அழுறாளா அவ? இங்கேயிருந்து தெரியலை, முதுகுதான் தெரியுது. குருவம்மா கிறுக்கச்சி, பக்கத்துல போயி நிக்கக் கூடாதா? நாலடி தள்ளி நின்னுக்கிட்டு இருக்கா. எல்லாப் பயலும் அவளையே பாக்குறாய்ங்க. புள்ளை இல்லைன்னு சொன்னவளை எப்படிப் பாப்பாய்ங்கன்னு எனக்குத் தெரியும் சார், முப்பத்தோரு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். அதுக்கு நடுவுல ஒருத்தியா நிக்கிறா.

இந்த மனுவைப் பிடிங்க. கிழிச்சாலும் கிழிங்க, என்னமும் பண்ணுங்க. அந்தக் குருவம்மாவுக்காகப் போறேன்னு மட்டும் நினைச்சுறாதீங்க. சட்டைப் பையில பேனா வச்சிருக்கீங்கல்ல, குடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க சார், குடுங்கன்னாக் குடுங்க.